முழுப் பணமும் முன்கூட்டியே: பொருள் கைக்கு வரும்வரை நீங்கள் யார்?

"முழுசா இப்பவே கொடுத்துட்டீங்கன்னா நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிடலாம்." புத்தக அலமாரி ஒன்று செய்யச் சொல்லப் போனபோது தச்சுப் பட்டறைக்காரர் என்னிடம் சொன்னது இது. நல்ல மனிதர், கைத்திறன் உள்ளவர். அவர் செய்த நாற்காலிகளைத் தெரிந்தவர் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். மொத்தமாகக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் வர வேண்டிய அலமாரி ஐந்தாம் மாதம்தான் வந்தது. இடையில் ஒருநாள் பட்டறைக்கே போய் நின்றபோது விஷயம் புரிந்தது. என் பணத்தில் மரம் வாங்கி, எனக்கு முன்பே பணம் கொடுத்துக் காத்திருந்த வேறொருவரின் கட்டிலை முடித்திருந்தார். என் அலமாரிக்கான மரத்தை, எனக்குப் பிறகு வரப்போகிறவரின் பணத்தில்தான் வாங்க வேண்டும். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் போனை எடுத்தார், ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டார். ஆனால் அந்த மாதம் பட்டறைக்குப் புது வாடிக்கையாளர் யாரும் வராமல் போயிருந்தால் என் அலமாரியும் வந்திருக்காது. பணம் போவதற்கு எதிரில் இருப்பவர் மோசக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கையில் பணம், மறு கையில் பொருள் என்று மாற்றிக்கொள்ளும்போது யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையில் நாள் விழுந்துவிட்டால், முதலில் கொடுப்பவர் மற்றவரை நம்பியாக வேண்டும். பொருள் வந்த பிறகு பணம் என்றால் விற்பவர் உங்களுக்குக் கடன் தருகிறார். பொருள் வருவதற்கு முன்பே முழுப் பணம் என்றால் நீங்கள் அவருக்குக் கடன் தருகிறீர்கள். அதுவும் வட்டி இல்லாத, ஈடு இல்லாத, பெரும்பாலும் பத்திரம்கூட இல்லாத கடன். கடையில் நிற்பதால் நம்மை வாங்குபவர் என்றே நினைத்துக்கொள்கிறோம். பணம் கைமாறிய நொடியிலிருந்து பொருள் கைக்கு வரும் நொடிவரை நாம் கடன் கொடுத்தவர்கள். கடன் கொடுக்கிறவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் சில உண்டு: வாங்குகிறவர் யார், எழுத்தில் என்ன இருக்கிறது, ஈடு என்ன, திருப்பித் தராவிட்டால் யாரைப் பிடிப்பது. இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாமே அந்தக் கேள்விகளை வாங்குபவரின் இடத்திலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான்.

முழுப் பணம் கேட்பவரெல்லாம் சந்தேகத்துக்கு உரியவர் என்று சொல்ல வரவில்லை. உங்கள் அளவுக்குத் தைத்த உடையையோ உங்கள் பெயர் பொறித்த பலகையையோ நீங்கள் வாங்காமல் போனால் வேறு யாருக்கும் விற்க முடியாது. பயணச் சீட்டு, மென்பொருள் உரிமம் போன்றவற்றில் முன்கூட்டியே பணம் என்பதே வழக்கம். சிறிய தொழில் செய்பவருக்கு வங்கி எளிதில் கடன் தராது. வாடிக்கையாளரின் முன்பணம்தான் அவருடைய முதல். இந்தக் காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு பகுதி முன்பணத்தைத்தான் நியாயப்படுத்துகின்றன, முழுத் தொகையை அல்ல. மூலப்பொருளுக்குப் பாதிப் பணம் போதும் என்றால் மீதிப் பாதி எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. நேர்மையானவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

பணம் கொடுத்தாயிற்று, பொருள் என்னுடையதுதானே?

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1957-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் முடிவான வழக்கு ஒன்று உண்டு. சட்ட மாணவர்கள் ஃபெடர்ஸ்பீல் வழக்கு என்று படிப்பார்கள். கோஸ்டாரிக்காவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இங்கிலாந்தில் சைக்கிள் செய்பவரிடம் சைக்கிள்களுக்கு ஆர்டர் கொடுத்து முழு விலையையும் முன்பே கட்டிவிட்டது. சைக்கிள்கள் தயாராகிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டன. பெட்டிகளின் மேல் வாங்குபவரின் பெயரும் எழுதப்பட்டது. கப்பலுக்கும் ஏற்பாடு நடந்தது. ஏற்றுவதற்குள் விற்பவரின் நிறுவனம் நொடித்துப்போனது. பெட்டிகளில் தங்கள் பெயரே இருக்கிறது, பணமும் முழுதாகக் கட்டியாயிற்று, அவை தங்களுடையவை என்று வாங்கியவர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தப்படி கப்பலில் ஏற்றுவதுதான் விற்பவர் செய்ய வேண்டிய தீர்மானமான செயல். அது நடக்காததால் உரிமை கைமாறவில்லை என்பது தீர்ப்பு. பெயர் எழுதிய பெட்டிகள் விற்பவரின் சொத்தாகவே நின்றன. பணம் கட்டியவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

நியூசிலாந்தில் கோல்ட்கார்ப் எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனத்தின் கதை இன்னும் கடுமையானது. தங்கம் வாங்குபவர்கள் முழுப் பணத்தையும் கட்டினார்கள். தங்கத்தை நிறுவனமே பத்திரமாக வைத்திருக்கும், வேண்டும்போது கேட்டுப் பெறலாம் என்று சான்றிதழ் கொடுக்கப்பட்டது. 1988-இல் நிறுவனம் வீழ்ந்தபோது, கொடுத்த சான்றிதழ்களுக்கு ஈடான தங்கம் பெட்டகத்தில் இல்லை. நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி, சொத்தின் மேல் தன் பிணை உரிமையைக் காட்டியது. வழக்கு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை போய் 1994-இல் முடிந்தது. இதுதான் உன் தங்கம் என்று பிரித்து வைக்கப்படாத எதற்கும் யாரும் உரிமை கோர முடியாது என்று சொல்லி, வாங்கியவர்களில் பெரும்பாலோரின் கோரிக்கை தள்ளப்பட்டது. முன்பு தனியாக வைக்கப்பட்டிருந்த தங்கத்துக்கு உரிய சிலரின் கோரிக்கை மட்டும் வேறு விதமாகப் பார்க்கப்பட்டது.

இந்த இரண்டு கதைகளிலும் பணம் முழுதாகக் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட பொருள் குறிப்பிட்ட நேரத்தில் வாங்குபவருக்கு உரியதாக மாறவில்லை. நிறுவனம் நொடித்தால், பிணை வைத்துக் கடன் கொடுத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பிணை இல்லாத சாதாரணக் கடன் கொடுத்தவர்களுக்கு வரிசையின் கடைசியில்தான் இடம். முன்பணம் கட்டியவர் அங்கேதான் நிற்பார். சட்டம் இதை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாற்றிக் கையாள்கிறது. இங்கிலாந்திலேயே 1995-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரே குவியலிலிருந்து வாங்கிப் பணம் கட்டியவர்களுக்கு அந்தக் குவியலில் பங்குரிமை தந்தார்கள். ஆனால் குவியல் எது என்று அடையாளம் காட்ட முடிந்தால்தான் அதுவும்.

அதனால் பணத்தைக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது என்னுடையது, எந்த நொடியில் என்னுடையதாகிறது என்பது. பொருளுக்கு வரிசை எண் இருந்தால் அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். செய்து தரும் பொருளானால் மூலப்பொருளை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்கிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டாம் முறை அதே தச்சரிடம் போனபோது நான் அதைத்தான் செய்தேன். மரக்கடைக்கு இருவருமாகப் போனோம். பணத்தைக் கடைக்கு நான் கட்டினேன். பில் என் பெயரில் வந்தது. பட்டறையில் இறக்கியதும் பலகைகளின் ஓரத்தில் அவரே பென்சிலால் என் பெயரை எழுதினார், நான் படம் எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கொடுத்த முன்பணம் கூலியில் ஒரு பங்கு மட்டும். அவருக்கும் அதில் மனக்குறை இல்லை. மரத்துக்குத் தன் பணத்தைப் போட வேண்டியதில்லை என்று சந்தோஷமே பட்டார்.

பணம் எந்த வழியில் போகிறது

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில் காட்டும் கவனத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் பலர் காட்டுவதில்லை. ஒரே தொகை, ஒரே விற்பனையாளர். ஆனால் பணம் போன வழியைப் பொறுத்து, அது திரும்பி வரலாம் அல்லது நிரந்தரமாகப் போய்விடலாம்.

ரொக்கம், வங்கிக் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம், கிரிப்டோ, பரிசு அட்டைகள் இவற்றில் போன பணத்தைத் திரும்ப இழுக்கும் கயிறு உங்கள் கையில் இல்லை. வங்கிப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்று பலர் நம்புவதற்குக் காரணம், அதில் வங்கியின் பெயர் இருப்பது. வங்கி செய்வது, நீங்கள் சொன்ன கணக்குக்குப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. அந்தக் கணக்குக்காரர் பொருளை அனுப்பினாரா என்பது வங்கிக்குத் தெரியாது. பரிசு அட்டையின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான வணிகர் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கிரெடிட் கார்டில் நிலைமை வேறு. பொருள் வராவிட்டாலோ, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றாலோ, கார்டு தந்த வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் வங்கிகளுக்கு இடையே வைத்திருக்கும் விதி இது. பல இடங்களில் டெபிட் கார்டுக்கும் பொருந்தும். சில நாடுகளில் இதற்கு மேல் சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் விற்பவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பாகிறது. அமெரிக்காவிலும் அதே 1974-இல் வந்த சட்டம் ஒன்று, டெலிவரி ஆகாத பொருளுக்கான கார்டு கட்டணத்தைத் தகராறாக எழுப்ப வழி செய்கிறது. கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் சொன்னது போய்ச் சேர வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி என்பதைப் பெரிய தொகை கட்டுவதற்கு முன் உங்கள் வங்கியிடமே கேட்டுவிடலாம்.

நாள் கணக்கு இங்கே உயிர்நாடி. சார்ஜ்பேக் கேட்க, பெரும்பாலான தகராறுகளில் 120 நாள் வரை அவகாசம். பொருள் வந்து சேர வேண்டிய தேதியிலிருந்து அதை எண்ணுவது வழக்கம். அந்தத் தேதி எழுத்தில் இல்லாவிட்டால் எங்கிருந்து எண்ணுவது என்பதே தகராறாகிவிடும். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். தாமதமாக்குவதையே உத்தியாக வைத்திருக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம், கன்டெய்னர் வரவில்லை, சுங்கத்தில் நிற்கிறது என்று இதமாகப் பேசிக்கொண்டே அந்த நாள்களைக் கடத்திவிடுவார்கள். கெடு முடிந்த மறுநாள் போன் எடுக்க மாட்டார்கள். ஆகவே பணம் கட்டிய அன்றே நாட்காட்டியில் கெடு தேதியைக் குறித்து, அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நினைவூட்டலும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் அந்தத் தேதியைத் தாண்ட விடாதீர்கள்.

பேபாலில் இன்னொரு கண்ணி. நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் வழி ஒன்று, பொருள் வாங்கக் கட்டும் வழி வேறொன்று. முதல் வழியில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சமாகும், நண்பர் என்று போட்டு அனுப்புங்கள் என்று விற்பவர் சொன்னால், மிச்சமாவது அவருடைய கட்டணம், போவது உங்கள் பாதுகாப்பு. அதேபோல, விற்பனைத் தளத்தில் பேச ஆரம்பித்துவிட்டு, தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொல்வதும். தளம் தரும் பாதுகாப்பு தளத்துக்குள் கட்டிய பணத்துக்கு மட்டும்தான்.

நடுவில் ஒரு மூன்றாம் ஆள்

நானும் முதலில் கொடுக்க மாட்டேன், நீங்களும் முதலில் கொடுக்க மாட்டீர்கள் என்றால், இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வைக்கலாம். எஸ்க்ரோ என்பது அவ்வளவுதான். வாங்குபவர் முழுப் பணத்தையும் கட்டிவிடுவார். ஆனால் அது விற்பவருக்குப் போகாது. பணம் வந்துவிட்டது என்ற சேதி மட்டும் அவருக்குப் போகும். பொருள் வந்து, பார்த்து, சரி என்று சொன்ன பிறகே பணம் விடுவிக்கப்படும். சீனாவில் 2004-இல் அலிபே என்ற பணச் சேவை தொடங்கியதே இதற்காகத்தான். முன்பின் தெரியாதவரிடம் ஆன்லைனில் வாங்கத் தயங்கியவர்களின் பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் கிடைத்தது என்று அவர்கள் சொன்ன பிறகு கொடுத்தது. இன்றைய பெரிய விற்பனைத் தளங்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் இதையே செய்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை: எஸ்க்ரோ நிறுவனத்தை விற்பவர் தேர்ந்தெடுத்துத் தரும் இணைப்பு வழியாகப் போய்ச் சேராதீர்கள். அச்சு அசலாகத் தோன்றும் போலி எஸ்க்ரோ தளம் அமைப்பது பழைய மோசடி. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். உரிமம் யார் கொடுத்தது என்று பார்த்து, கொடுத்த அமைப்பின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நாடு விட்டு நாடு மொத்தமாக வாங்குபவர்களுக்கு இதே எண்ணத்தின் பெரிய வடிவம் லெட்டர் ஆஃப் கிரெடிட், பேச்சுவழக்கில் எல்.சி. வாங்குபவரின் வங்கி, குறிப்பிட்ட ஆவணங்கள் வந்தால் பணம் தருகிறேன் என்று விற்பவருக்கு வாக்குக் கொடுக்கிறது. உலகெங்கும் இதற்குப் பின்பற்றப்படுவது சர்வதேச வர்த்தக சபையின் யூசிபி 600 விதித் தொகுப்பு. 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5-ஆம் விதியைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: வங்கிகள் ஆவணங்களைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. பெட்டிக்குள் கல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அதனால் எல்.சி. கேட்கும் ஆவணங்களில், எஸ்ஜிஎஸ், பியூரோ வெரிட்டாஸ் போன்ற சுதந்திரமான பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்துவிடுவார்கள் அனுபவம் உள்ள இறக்குமதியாளர்கள். அந்த ஆய்வாளர் ஏற்றுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும், தொகையும் பெரிது என்றால், விற்பவரின் வங்கியிடமிருந்து முன்பண உத்தரவாதம் கேட்கலாம். பொருள் வராவிட்டால் கொடுத்த முன்பணத்தை வங்கி திருப்பித் தரும். கடன் கொடுப்பவர் கேட்கும் ஈடு என்று முதலில் சொன்னேனே, அதன் நேரடி வடிவம் இதுதான். சிறிய விற்பனையாளரிடம் இது கிடைக்காது. பெரிய இயந்திரம் வாங்குபவர் கேட்காமல் விடக் கூடாது.

கூறு போட்டுக் கொடுப்பது

எஸ்க்ரோவும் வேண்டாம், எல்.சி.யும் முடியாது என்ற இடங்களில் நமக்குக் கையில் இருப்பது பணத்தைப் பிரிப்பது. வெளிநாட்டு வணிகத்தில் அடிக்கடி காண்பது 30-70: ஆர்டரோடு 30 சதவீதம், அனுப்புவதற்கு முன்பு அல்லது கப்பல் ஆவணங்களின் நகலைக் காட்டிய பிறகு 70. கட்டுமான வேலையில் 5 முதல் 10 சதவீதத்தைக் கடைசி வரை நிறுத்தி வைத்து, குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகு கொடுப்பார்கள்.

பிரிப்பதில் ஒரு நுணுக்கம். தவணையைத் தேதியோடு கட்டாதீர்கள், நடந்த வேலையோடு கட்டுங்கள். 15-ஆம் தேதி இரண்டாம் தவணை என்று எழுதினால், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் 15-ஆம் தேதி வந்துவிடும். சட்டகம் பூட்டி முடிந்து நேரில் பார்த்த பிறகு இரண்டாம் தவணை என்று எழுதினால், பணத்துக்கு முன்னால் வேலை வந்தாக வேண்டும். கடைசித் தவணை விற்பவரின் லாபத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். சின்னத் தொகை பாக்கி என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட அவருக்கு மனம் வரும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தம்தான் வேண்டும் என்றில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, அதற்கு அவருடைய பதில் சரி என்று வந்தால்கூடப் பெரிய பலம். என் முதல் அலமாரிக்கு நான் அனுப்பியிருந்த செய்தி: "அண்ணே, பணம் அனுப்பிட்டேன், சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க." இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இரண்டாம் முறை அனுப்பியது இப்படி:

"அண்ணே, பேசினபடி: ஐந்து தட்டு அலமாரி, உயரம் 180 செ.மீ., அகலம் 90, ஆழம் 30. பின்பலகையும் மரம்தான், பிளைவுட் இல்லை. கூலியில் 40 சதவீதம் இன்று அனுப்பியிருக்கிறேன். மீதி வீட்டில் நிறுத்திய பிறகு. இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் வரவில்லை என்றால் நான் வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கொடுத்த பணத்தை ஏழு நாளில் திருப்பித் தருவீர்கள். சரியா?"

பின்பலகை என்ற சொல் அதில் ஏன் வந்தது என்றால், முதல் அலமாரியில் பின்பக்கம் மெல்லிய பிளைவுட் அடித்திருந்தார். பின்பலகையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. முழுப் பணமும் கொடுத்தாயிற்று என்பதால் நான் கேட்கும் நிலையிலும் இல்லை.

டெலிவரி என்ற சொல்லுக்கே ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பொருள் மாறும் என்பதையும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற தொகுப்பில் உள்ள 11 சுருக்கச் சொற்களில் ஒன்றைப் பில்லில் போடுவார்கள். சிஐஎஃப் என்றால் சரக்குக் கட்டணமும் காப்பீடும் விற்பவர் கட்டுவார் என்பதால், நம் துறைமுகம் வரை பொறுப்பும் அவருடையது என்று தோன்றும். அப்படி இல்லை. கப்பலில் ஏற்றிய கணத்திலேயே சேதத்தின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நம் வாசல் வரை விற்பவர் பொறுப்பு வேண்டுமென்றால் டிஏபி அல்லது டிடிபி என்று இருக்க வேண்டும்.

கணக்கு எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் எல்லாம் முடிந்து பணம் அனுப்பும் நேரத்தில், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று விற்பவரின் மின்னஞ்சலிலிருந்தே செய்தி வரும். விற்பவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவர், அல்லது ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து எழுதுபவர் செய்கிற வேலை அது. அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுச் சரிபார்த்தால் திருடனிடமே கேட்டதாகிவிடும். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் பில், தனிநபரின் பெயரில் கணக்கு என்றிருந்தாலும் காரணம் தெரியாமல் அனுப்பாதீர்கள்.

பெட்டி வந்த அன்று

பிரிக்கும்போது முதல் கணத்திலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், பெட்டியின் மேலுள்ள முகவரிச் சீட்டு தெரியும்படி. கொண்டுவந்தவர் அவசரப்படுத்தினால், கையெழுத்துக்குப் பக்கத்தில் 'திறந்து பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். குறை இருந்தால் அன்றே அல்லது மறுநாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். 1980-இல் வியன்னாவில் உருவான சர்வதேச சரக்கு விற்பனை ஒப்பந்த உடன்படிக்கையும், வாங்குபவர் கூடிய விரைவில் சோதித்துப் பார்த்து, நியாயமான காலத்துக்குள் குறையைச் சொல்ல வேண்டும் என்றே கேட்கிறது. சொல்லாமல் விட்டால் உரிமை போய்விடும்.

அந்த உடன்படிக்கை நாடுகளுக்கு இடையே நடக்கும் வணிகத்துக்கானது, வீட்டுக்காக வாங்குவதற்கு அல்ல. ஆனாலும் அதில் வாங்குபவருக்கு ஆதரவான இரண்டு இடங்கள் எனக்குப் பிடிக்கும். பொருளைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் பணம் கட்டக் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது 58-ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. அதாவது முன்கூட்டியே முழுப் பணம் என்பது இயல்பான விதி அல்ல. நாம் ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுப்பது. விற்பவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தால், பணம் பெற்ற நாளிலிருந்து வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது 84-ஆம் பிரிவு. முன்பணம் ஒரு கடன்தான் என்பதைச் சட்டமே இப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வராவிட்டால்

போனில் பேசுவதைக் குறைத்து எழுத்துக்கு வாருங்கள். முதல் செய்தியில், பேசிய தேதி கடந்துவிட்டது, இன்ன தேதிவரை கூடுதல் அவகாசம் தருகிறேன், அதற்குள் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்பேன் என்று நேராகச் சொல்லுங்கள். கோபம் வேண்டாம், தேதி வேண்டும். அந்த நாள் தாண்டினால் ரத்து செய்வதையும் எழுத்திலேயே சொல்லிவிட்டு, அன்றே கார்டு வங்கியிலோ தளத்திலோ புகாரைப் பதிவு செய்யுங்கள். பில், செய்திகள், டிராக்கிங் எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே கோப்பில் தேதி வாரியாக இருந்தால் எதிர்ப்பக்கம் படிப்பவருக்கு ஐந்து நிமிட வேலை.

புகார் போட்டதும் பல விற்பனையாளர்கள் கூப்பிடுவார்கள்: "புகாரை எடுத்துடுங்க, நாளைக்கே பணம் போட்டுடறேன்." எடுக்காதீர்கள். பேபால் போன்ற இடங்களில் ஒருமுறை மூடிய தகராறை மறுபடி திறக்க முடியாது. பணம் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு மூடலாம். பொருளை விடுவிக்க இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும், சுங்கம், காப்பீடு, சேமிப்புக் கட்டணம் என்று புதிது புதிதாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். போன பணத்தைக் காப்பாற்றப் போடும் பணமும் அதே குழிக்குள்தான் போகும்.

நேரடிப் பரிமாற்றத்தில் அனுப்பியது மோசடி என்று தெரிந்தால், விற்பவருக்குப் போன் செய்வதற்கு முன் உங்கள் வங்கிக்குப் போன் செய்யுங்கள். பணம் எதிர்க் கணக்கிலிருந்து எடுக்கப்படாமல் இருக்கும் சில மணி நேரத்தில்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அடுத்து காவல்துறையிடம் புகார். அந்தப் புகார் எண்ணை வங்கியும் கேட்கும். இதையெல்லாம் செய்து முடித்த சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது உங்களைத் தேடி வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அவர்களும் முதலில் ஒரு கட்டணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், வந்த செய்தியையும் உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.